குடிநோயினின்று மீள்வதில் விருப்பத்தின் இடம்

“அவருக்கே மனம் வரவேண்டும், ஐயா, மற்றவர் என்ன செய்ய முடியும்?” காரைக்கால் பகுதியில் குடியினால் அலைக்கழிக்கப்படும் எந்த இல்லத்துக்குச் சென்றாலும் இச்சொற்களைக் கேளாமல் போதகர் திரும்புவதில்லை. மனைவி கூறுகிறார், மூத்த சகோதரர் கூறுகிறார், சில வேளைகளில் மருத்துவரும் இதையே கூறுகிறார். குடிப்பவரும் காலை வேளையில் தலை குனிந்தவாறு, “எனக்கு இன்னும் மனம் வரவில்லை, ஐயா” என்கிறார். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் இதன் பின்னால் நாம் அனைவரும் ஒளிந்துகொள்ளவும் இயலும், ஒளிந்துகொண்டும் இருக்கிறோம். இந்த ‘மனம்’ என்பது யாது? அது எங்கிருந்து வருகிறது? தானே வரும்வரை காத்திருக்க வேண்டியதா, அன்றிப் பிறர் துணையால் வளர்க்கத் தக்கதா? உளவியலார் உந்துதல் என வழங்கும் இப்பொருளைச் சபைப் பணியாளரும் இறையியல் மாணவரும் எண்ணிப் பார்க்கும் பொருட்டு இதனை வரைகிறோம்.

நாம் பணிபுரியும் இடத்தின் இயல்பை முதலில் கூறுதல் தகும். காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1954 நவம்பர் 1ஆம் நாள் அவர்கள் ஆட்சி நடைமுறையில் முடிவுற்று, 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. கிழக்கே வங்கக் கடல். மற்ற மூன்று புறமும் தமிழ்நாடு. 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தபோது, நண்டலாற்றுக்கும் வாஞ்சூருக்கும் இடைப்பட்ட இச்சிறு நிலப்பரப்பை மட்டும் தொடவில்லை. தமிழ்நாட்டில் 1971இல் மதுவிலக்கு நீக்கப்பட்டது, 1974இல் மீண்டது, 1981இல் மறுபடி கடைகள் திறந்தன, 2003 இறுதி முதல் அரசு நிறுவனமே சில்லறை விற்பனையையும் மேற்கொண்டது. இத்தனை மாற்றங்களிலும் காரைக்கால் மதுவிலக்கு என்பதை அறிந்ததில்லை. வரி குறைவாதலால் விலையும் குறைவு. சீமை மதுக்கடைகளோடு, ஏலத்தில் விடப்படும் சாராயக்கடைகளும் கள்ளுக்கடைகளும் இங்கே சட்டப்படி நடைபெறுகின்றன. எல்லைக்கு அப்பாலிருந்து குடிக்க வருவோரும் குறைவல்லர்.

மதுவிலக்கு வேண்டுமா என்னும் வழக்கினுள் இங்கு நாம் புகவில்லை. மருத்துவத்துக்கன்றிப் போதைப் பொருள்களை நுகர்தலைத் தடைசெய்ய அரசு முயலவேண்டும் என அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு வழிகாட்டுகிறது. அது நிறைவேறுமானால் மகிழ்வோம். ஆனால் கடை மூடும் நாள்வரை ஒரு குடும்பத்தை நாம் காத்திருக்கச் சொல்ல முடியாது. வேலி இல்லாத இடத்தில் வாழ்பவர், கடையின் வாயிலைக் கடந்து வீட்டுக்குப் போகவேண்டியவர், எவ்வாறு கடந்து போவார் என்பதே நம் வினா. அவ்வகையில் விருப்பத்தைப் பற்றிக் கற்றுக்கொள்ளக் காரைக்காலைவிடப் பொருத்தமான பள்ளி வேறில்லை.

இப்பள்ளியில் நாம் பெற்ற முதற்பாடம் நமது தோல்வியே. குருத்துவப் பணியின் தொடக்க ஆண்டுகளில், வேறொரு சபையில், நாற்பது வயதை எட்டிய ஒரு கொத்தனார் இருந்தார். எழுப்புதல் கூட்டத்தின் இறுதி இரவில் அவரைப் பலிபீடத்தின் முன் நிறுத்தி, திருமறையின்மேல் கைவைத்து, இனிக் குடியேன் என ஆணையிடச் செய்தோம். சபை முழுவதும் கண்ணீருடன் துதி பாடியது. அவருடைய மனைவி நம் கால்களில் விழ வந்தார். மூன்றாம் வாரத்தில் அவர் குடித்தார். அதற்குப் பின் அவர் ஆலயத்துக்கு வரவில்லை. குடித்ததற்காக மட்டும் அன்று. ஆண்டவர் முன் பொய்யாணை இட்டவன் எனத் தம்மையே எண்ணிக்கொண்டமையால். முன்பு அவருக்கு ஒரு பாரமே இருந்தது. நாம் இரண்டாவதையும் சுமத்தி அனுப்பினோம். அவ்விரவில் அவருடைய விருப்பம் போலியானதன்று. கூட்டத்தின் உருக்கம் அதைத் தாங்கி நின்றது. கூட்டம் கலைந்தபின் அதைத் தாங்க எவரும் இல்லை.

உடலைப் பற்றிய ஒரு செய்தியை இவ்விடத்தில் கூறியாக வேண்டும். பல போதகர் இதனை அறியாமல் தீங்கு செய்துவிடுகின்றனர். நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவருடைய மூளையும் நரம்புகளும் மதுவுக்கு ஈடுகொடுத்துத் தம்மை மாற்றிக்கொண்டுவிடுகின்றன. மதுவின் அமுக்கும் ஆற்றலை எதிர்த்து நரம்புகள் ஓயாமல் விழித்து நிற்கப் பழகுகின்றன. ஆகவே மது திடீரென நின்றால் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, உறக்கம் அகல்கிறது, சிலருக்கு வலிப்பு வருகிறது. இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் இல்லாதவற்றைக் காணுதல், பிதற்றுதல், கடுங்காய்ச்சல் ஆகியவை தோன்றி உயிருக்கே இடர் நேரலாம். காலையில் எழுந்தவுடன் குடிப்பவர் இன்பம் நாடிக் குடிக்கிறார் என எண்ணுதல் தவறு. நடுக்கத்தை அடக்கக் குடிக்கிறார். இத்தகையவரை அறையில் பூட்டி வைத்து ஜெபிப்பதைப் பக்தி என்று சொல்ல மாட்டோம், அது அறியாமை. முதலில் மருத்துவமனை, தக்க மருந்துகளும் தையமின் என்னும் உயிர்ச்சத்தும், அதன்பின்னரே மற்றவை. காரைக்காலில் அரசுப் பொது மருத்துவமனை உண்டு. 2016 முதல் ஜிப்மரின் கிளைக் கல்லூரியும் உண்டு. ஆதலால் வழியில்லை என்று சொல்வதற்கில்லை.

இவ்வாறு கூறும்போது, குடி நோயாயின் விருப்பத்துக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். நீரிழிவும் நோயே, ஆனால் ஊசியை ஏற்பதும் இனிப்பை விலக்குவதும் நோயாளியின் இசைவின்றி நடைபெறா. நோய் அவருடைய குற்றமாக இராமல் போகலாம். மீட்பில் அவருடைய பங்கு இல்லாமற் போகாது. உரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில் பவுலடிகள், விரும்புவதைச் செய்ய இயலாமல் வெறுப்பதையே செய்யும் மனிதனைக் காட்டுகிறார். அம்மனிதனிடம் விருப்பம் இல்லை என்று அடிகள் சொல்லவில்லை. விருப்பம் இருக்கிறது, அதற்கு எதிராக மற்றொன்றும் அவனுள் இருக்கிறது. அகுஸ்தீனார் தம் அறிக்கைகளின் எட்டாம் நூலில் இதனை மேலும் நுணுக்கமாக ஆராய்கிறார். மனம் கைக்குக் கட்டளையிட்டால் கை அசைகிறது; மனம் தனக்கே கட்டளையிட்டால் எதிர்ப்பு எழுகிறது; ஏனெனில் அது முழு மனத்தோடு கட்டளையிடுவதில்லை என்பது அவர் கண்டறிந்தது. இளமையில் தமக்குக் கற்பொழுக்கம் வேண்டும், ஆனால் உடனே வேண்டா எனத் தாம் வேண்டிக்கொண்டதையும் அவர் மறைக்கவில்லை. குடிப்பவரை அணுகுவோர் முதலில் அறியவேண்டிய உண்மை இது. அவரிடம் மனம் இல்லாமல் இல்லை; இரண்டாய்ப் பிளந்து கிடக்கிறது.

திருவள்ளுவர் இதனைத் தம் வழியில் அறிந்திருந்தார் எனத் துணிந்து கூறலாம். கள்ளுண்ணாமை அதிகாரத்தின் இறுதி இரு குறள்களைச் சேர்த்துப் படிக்குமாறு நம் மாணவர்க்கு எப்போதும் சொல்வது வழக்கம். 929ஆம் குறள், போதையில் இருப்பவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வதை, நீருள் மூழ்கிவிட்டவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவதற்கு ஒப்பிடுகிறது. அத்துடன் நின்றிருந்தால் அது கைவிடுதலின் குரலாகும். அடுத்த குறளோ, தான் குடியாதிருக்கும் பொழுதில் குடித்துக் கிடக்கும் மற்றொருவனைக் காணும்போது தன் நிலையை நினைத்துப் பாரானோ என்று வினவுகிறது. முதற்குறள் பேசத் தகாத வேளையைச் சொல்கிறது. அடுத்தது பேசத் தக்க வேளையைக் காட்டுகிறது. நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறானது. இரவு பத்து மணிக்குத் தள்ளாடி வருபவரிடம் வழக்குரைக்கிறோம். விடியற்காலையில் அவர் தெளிந்து அமர்ந்திருக்கும்போது ஒருவரும் அவரோடு பேசுவதில்லை.

மேலும் ஒன்று காண்க. தெளிந்த வேளையில் அவனுக்கு எவரும் அறிவுரை கூறுவதாக வள்ளுவர் சொல்லவில்லை. அவனே காண்கிறான், அவனே நினைக்கிறான். மேனாட்டு உளவியலார் இவ்வுண்மையை அண்மைக் காலத்திலேதான் முறைப்படுத்தினர். வில்லியம் மில்லர் என்னும் அமெரிக்க உளவியலார், நோர்வே நாட்டு இளம் உளவியலாரோடு உரையாடியதன் பயனாக 1983இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பின்னர் 1991இல் ஸ்டீபன் ரோல்னிக் என்பாருடன் சேர்ந்து அதனை நூலாக விரித்தார். குடிப்பவர் மறுக்கிறார், பொய் சொல்கிறார், எனவே உடைத்துப் பேசி அவரை ஒப்புக்கொள்ளச் செய்யவேண்டும் என்பதே அக்காலத்தில் அங்கே பெருவழக்காய் இருந்த முறை. மில்லர் இதனை மறுத்தார். ஒருவரிடம் குடியை விடவேண்டும் என்னும் குரலும், விட முடியாது என்னும் குரலும் ஒருங்கே இருக்கின்றன. நாம் முதற்குரலை எடுத்துக்கொண்டு வாதிட்டால், அவருக்கு எஞ்சுவது இரண்டாம் குரல் மட்டுமே. தம் வாயாலேயே குடிக்காக வழக்காடி, அதில் உறுதியும் பெற்றுவிடுகிறார். 1993இல் மில்லரும் உடன்பணியாளரும் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆலோசகர் எவ்வளவுக்கு எதிர்த்து மோதினாரோ அவ்வளவுக்கு ஓராண்டுக்குப் பின்னும் அந்நோயாளியின் குடி மிகுதியாய் இருந்ததாகக் காணப்பட்டது. பிரசங்க பீடத்திலிருந்து குடிகாரரைச் சாடிப் பழகிய நமக்கு இது கசப்பான செய்தி.

பின் என்ன பேசுவது? நாம் கற்றுக்கொண்டதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். காரைக்காலின் மீனவச் சிற்றூர் ஒன்றில் ஒருவரைக் காலை ஏழு மணிக்குச் சந்தித்தோம்.

“தம்பி, குடியினால் உங்களுக்குக் கிடைக்கும் நன்மை என்ன?” என்று கேட்டோம்.

அவர் திகைத்தார். போதகர் இவ்வாறு கேட்பார் என எதிர்பார்க்கவில்லை. “உடம்பு வலி தெரியாது, ஐயா. தூக்கம் வரும். கடலில் போன தம்பியின் நினைப்பு வராது” என்றார்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் அவர் தம் இளவலை இழந்திருந்தார் என்பதை அப்போதுதான் அறிந்தோம். நெடுநேரம் மௌனமாய் இருந்தபின், “வேறென்ன?” என்றோம். அவரே தொடர்ந்தார்: “நன்மை அவ்வளவுதான், ஐயா. மகள் என்னோடு பேசி எட்டு மாதமாகிறது.” நாம் கேளாத வினாவுக்கு அவரே விடை கூறினார். அவர் கூறியதையே மெல்லத் திருப்பிச் சொன்னோம். அதற்குமேல் எதுவும் சேர்க்கவில்லை. அன்று அவர் குடியை விட்டுவிடவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை நாம் வரலாமா என்று கேட்டபோது, காலையிலேயே வாருங்கள் என்றார்.

அவமதிப்பே சிலரைத் திருத்தவில்லையா என்று ஒருவர் வினவலாம். அகுஸ்தீனாரின் அன்னை மோனிக்காவின் இளமை நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. சாடியிலிருந்து திராட்சமது மொண்டுவர அனுப்பப்பட்ட அப்பெண், முதலில் உதட்டை நனைத்து, பின்பு நாளுக்கு நாள் மிகுத்து, கிண்ணம் கிண்ணமாய்ப் பருகும் நிலைக்கு வந்தார். உடன் சென்ற பணிப்பெண் ஒருநாள் சச்சரவில் அவரைக் குடிகாரி என இகழ்ந்தாள்; அச்சொல் தைத்து அவர் அன்றே விட்டுவிட்டதாக ஒன்பதாம் நூல் கூறுகிறது. இந்நிகழ்ச்சி மெய்யே. ஆயின் இதில் இரண்டினைக் கருதவேண்டும். மோனிக்காவின் பழக்கம் இன்னும் உடலை அடிமைகொள்ளவில்லை. மேலும், அவர் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த மதிப்பு சிதையாமல் இருந்தது. ஆகவே இகழ்ச்சி அதன்மேல் பட்டு ஒலித்தது. இருபது ஆண்டுகள் குடிகாரன் என்றே அழைக்கப்பட்டவரிடத்தில் அச்சொல் படுவதற்கு இடமேது? அப்பணிப்பெண் மோனிக்காவைத் திருத்தக் கருதவில்லை, புண்படுத்தவே கருதினாள் என்று அகுஸ்தீனார் குறிப்பதையும் நோக்குக. கடவுள் அவள் சினத்தையும் மருந்தாக்கினார் என்பதால், சினம் நமக்கு மருத்துவ முறையாகிவிடாது.

இனி, விருப்பத்தின் தூய்மை பற்றிய கேள்வி. “அவன் ஆண்டவருக்காக விடவில்லை, வேலை போய்விடும் என்பதற்காக விடுகிறான்” எனச் சபை மூப்பர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். இக்குறையை நாம் ஏற்பதில்லை. லூக்கா 15ஆம் அதிகாரத்தின் இளைய குமாரன் எதனால் எழுந்தான்? தந்தையின் கூலியாட்களுக்கு நிறைய உணவு இருக்கிறதே, நாம் பசியால் சாகிறோமே என்பதுதான் அவன் புத்தி தெளிந்தபோது எழுந்த முதல் எண்ணம். உணவுக்காகவே புறப்பட்டான். பாவ அறிக்கையைக்கூட வழியில் சொல்லிப் பார்க்கும் உரைபோல் ஆயத்தம் செய்துகொண்டான். தந்தையோ அவனுடைய நோக்கத்தை ஆராய்ந்து பார்த்து வாசலில் நிறுத்தவில்லை. ஜார்ஜ் வேலண்ட் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர், பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் பயனை 1983இல் வெளியிட்டார். நிலைத்து மீண்டோர் வாழ்வில் அவர் கண்டவை நான்கு: குடியின் இடத்தை நிரப்பும் வேறொரு பிடிப்பு, விலக முடியாத புறக் கண்காணிப்பு, புதிய அன்புறவு, சமயமோ அதையொத்த குழுவோ தரும் நம்பிக்கை. புற நெருக்கடியும் இப்பட்டியலில் இருப்பதைக் காண்க. மருத்துவரின் எச்சரிக்கை, முதலாளியின் கண்டிப்பு, மகளின் திருமணம் ஆகிய எதுவும் இழிந்த நோக்கமன்று. தொடங்குவதற்கு அவை போதும். நிலைப்பதற்குத்தான் போதா. மகள் திருமணத்துக்காக விட்டவர், திருமணம் முடிந்த மறுநாள் எதற்காகக் குடியாமல் இருப்பார் என்பதை அத்திருமணத்துக்கு முன்னரே அவரோடு பேசியிருக்க வேண்டும்.

நம் பகுதிக்கு மிக அண்மையில் நடந்த ஒரு முயற்சியை இங்கே குறிப்பிடாமல் இருத்தல் நன்றிகேடாகும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், தம் கணவரைக் குடிநோய்க்கு இழந்தபின், 1980இல் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அந்நிறுவனம் 1989இல், காரைக்காலுக்கு மேற்கே, இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் குடவாசலை அடுத்த மஞ்சக்குடியில் சிகிச்சை முகாம் ஒன்றை நடத்தியது. பின்னரும் தொடர்ந்து நடத்தியது. சென்னைக்கு வந்து மருத்துவமனையில் தங்க இயலாத சிற்றூர் மக்களை நாடி மருத்துவக் குழு அங்கே சென்றது. உள்ளூர் அமைப்பு இடமளித்துத் துணைநின்றது. நோயாளிகள் ஏறத்தாழ இரு வாரங்கள் ஒருங்கே தங்கினர். குடும்பத்தாருக்கும் அறிவுரை வகுப்புகள் நடைபெற்றன. முகாம் முடிந்தபின்னும் பின்தொடர்தல் இருந்தது. இங்கே நம் பொருளுக்கு உகந்தது யாதெனில், விருப்பம் தனி மனிதர் ஒருவருடைய நெஞ்சினுள் அடைபட்டுக் கிடப்பதன்று என்பதே. வரப்பில் உடன் நின்று குடித்தவர் இப்போது குடியாமல் வயலுக்குப் போகிறார் என்பதை ஊரார் கண்ணால் காண்கின்றனர். வள்ளுவர் சொன்ன காட்சியின் மறுபக்கம் இது. குடித்துக் கிடப்பவனைக் கண்டு அஞ்சுவது ஒன்று. மீண்டவனைக் கண்டு, இது நமக்கும் ஆகும் என நம்புவது மற்றொன்று. நெடுநாள் நோயுற்றோரிடம் அச்சம் ஏற்கெனவே மிகுதியாக உண்டு, நம்பிக்கைதான் இல்லை.

2019இல் நடுவண் அரசு வெளியிட்ட நாடளாவிய ஆய்வின்படி, இந்நாட்டில் மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடிப் பேர். அவருள் உதவி தேவைப்படுவோர் 5.7 கோடிக்கு மேற்பட்டவர். மதுவுக்கு அடிமைப்பட்டோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒருவகைச் சிகிச்சை பெற்றதாகக் கூறியுள்ளார். எஞ்சிய 37 பேருக்கும் மனம் வரவில்லை என்று சொல்லி நாம் அமைதியடையலாமா? கதவு தெரியாதவர்க்குத் தட்டும் விருப்பம் எவ்வாறு பிறக்கும்?

பெயர் வெளியிடாக் குடிநோயர் கழகம் 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் வில்சன், மருத்துவர் பாப் ஸ்மித் ஆகிய இருவரின் சந்திப்பிலிருந்து பிறந்தது. வணிகப் பயணத்தில் தோல்வியுற்று, விடுதியின் மதுக்கூடத்தருகே நின்ற வில்சன், தாம் குடியாதிருக்க வேண்டுமாயின் மற்றொரு குடிநோயரோடு பேசியாகவேண்டும் என உணர்ந்து தொலைபேசியில் ஆள் தேடினார். ஸ்மித்துக்கு உதவ அன்று. தமக்கு உதவி தேட. இக்கழகத்தில் சேர்வதற்கு வேண்டிய தகுதி குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே, நிறுத்தியிருத்தல் தகுதியன்று. அவர்களுடைய பன்னிரு படிகளில் முதலாவதோ, மதுவின்முன் தமக்கு ஆற்றல் இல்லை என ஒப்புக்கொள்வது. விருப்பம் வேண்டும், ஆனால் அவ்விருப்பத்தின் வலிமையை நம்பக்கூடாது என்னும் இம்முரண் இறையியல் கற்றோர்க்குப் புதிதன்று. 1525இல் எரஸ்முவுக்கு விடையாக லுத்தர் எழுதிய சித்தத்தின் அடிமைத்தனம் என்னும் நூலை ஆதாரமாகக் கொண்டு, தேவன் விருப்பத்தைத் தரும்வரை நாம் செய்வது ஒன்றுமில்லை எனச் சொல்வோரும் உளர். லுத்தர் அதைச் சோம்பலுக்கு உரிமம் வழங்க எழுதவில்லை. பிலிப்பியருக்கு எழுதிய நிருபம் 2:12, 13 வசனங்களில், நடுக்கத்தோடு முயலும்படி சொல்லும் அதே மூச்சில், விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குபவர் தேவனே எனப் பவுல் சொல்கிறார். விருப்பம் கொடை, ஆனால் அக்கொடை பெரும்பாலும் வேறொரு மனிதர் கையால் வந்து சேருகிறது.

நம் நாட்டு வழக்கம் ஒன்று நீண்ட நாள் நமக்குப் புதிராய் இருந்தது. ஆண்டு முழுவதும் குடிப்பவர், சபரிமலைக்கு மாலை அணிந்தால் நாற்பத்தொரு நாள் தொடுவதில்லை. வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து செல்வோரும், தபசு காலத்தில் விலகி ஈஸ்டரன்று மீண்டும் தொடங்கும் நம் சபையாரும் அவ்வாறே. இவர்களுள் உடல் முற்றிலும் அடிமைப்படாதவரே மிகுதி என்பது உண்மை. ஆயினும் மனவலிமை அறவே அற்றவர் என்று இவர்களை எவ்வாறு சொல்வது? மாலை அணிந்த ஒரு சுமைதூக்கும் தொழிலாளர் நம்மிடம் கூறியது இது: “அந்த நாட்களில் எல்லாரும் என்னைச் ‘சாமி’ என்று கூப்பிடுவார்கள், ஐயா. மாலையைக் கழற்றியதும் பழைய பெயர்தான்.” அவருக்கு மதிப்பு ஒரு முடிவு நாளோடு வழங்கப்படுகிறது. குடியாதிருப்பவருக்கு முடிவு நாள் இல்லாத மதிப்பை நம் சபை வழங்குமாயின் என்ன நிகழும் என்பதை நாம் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆறு மாதம் குடியாதிருப்பவர் காணிக்கைத் தட்டு ஏந்த வரும்போது பின்வரிசையில் முகம் திருப்புகிறவர்களையே கண்டிருக்கிறோம்.

நாளிதழ்களில் வரும் ஒரு விளம்பரத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும்: குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கும் மருந்து. டைசல்பிரம் என்னும் மருந்து உண்மையில் உண்டு. 1948இல் டென்மார்க்கு நாட்டார் அதன் பயனைக் கண்டறிந்தனர். அதை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டலெடுக்கும். மருத்துவர் கண்காணிப்பில், தாமே அறிந்து, காலைதோறும் மனைவியின் முன் அம்மாத்திரையை விழுங்குபவருக்கு அது நல்ல துணை. ஒவ்வொரு காலையும் ஒருமுறை முடிவு செய்தால் போதும், நாள் முழுவதும் போராட வேண்டியதில்லை. ஆனால் அறியாதவருக்குக் கொடுத்தால் உயிருக்கே கேடு நேரலாம். உயிர் தப்பினாலும், உண்மை தெரியவரும் நாளில் வீட்டுச் சோற்றின்மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடும். ஒருவருடைய விருப்பத்தைச் சுற்றிவளைத்துத் தாண்டிச் செல்லும் எம்முறையும் இவ்வாறே முடியும்.

மீண்டும் விழுதலைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். அமெரிக்காவில் 1,726 பேரைக் கொண்டு நடத்தி 1997இல் முடிவு வெளியிட்ட பேராய்வில், பன்னிரண்டு முறை சந்திக்கும் இரு சிகிச்சை வகைகளுக்கும், உந்துதலை வளர்ப்பதற்கென நான்கே முறை சந்திக்கும் வகைக்கும் பயனில் பெரும் வேறுபாடு காணப்படவில்லை. நான்கு நல்ல உரையாடல்களுக்கு இவ்வளவு மதிப்பு உண்டு என்பது நேரமில்லை எனச் சொல்லும் போதகர்க்குரிய செய்தி. எம்முறையிலும் பலர் விழுகின்றனர். விழுந்தோர் பலர் எழவும் செய்கின்றனர். விழுந்தவரிடம் எத்தனை நாள் குடியாமல் இருந்தீர் என்று முதலில் கேட்க வேண்டும். எழுபது நாள் என்றால், அந்த எழுபது நாட்களும் மெய்யானவை. அவற்றில் என்ன செய்தீர் என்பதே அடுத்த வினா.

திருவிருந்துக் கிண்ணத்தைக் குறித்தும் சபைகள் எண்ணவேண்டும். மீண்டு வருபவர் ஒருவரேனும் பந்தியில் இருப்பாராயின், புளியாத திராட்சைச்சாற்றை அனைவருக்கும் வழங்குவதில் நாம் இழப்பது ஒன்றுமில்லை. அவருக்கென ஒரு தனிக் கிண்ணம் வைத்து எல்லாருடைய கண்களையும் அதன்மேல் திருப்புதல் கூடாது. மீனவச் சிற்றூர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தையும் கருதுக. வேலையின்றிக் கரையில் அமர்ந்திருக்கும் அந்நாட்களில் குடி மிகுகிறது. அதே நாட்களில்தான் மருத்துவமனையில் இரு வாரம் தங்க அவர்களுக்கு ஓய்வும் கிடைக்கிறது. வலை பின்னும் கொட்டகையில் காலை வேளை சென்று அமர்பவருக்கு நாள் முழுவதும் ஆட்கள் இருப்பர்.

பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டு கிடந்தவனிடம், நலமடைய விருப்பமுண்டா என ஆண்டவர் கேட்டபோது, அவன் ஆம் என்று விடை கூறவில்லை (யோவான் 5:6, 7). குளத்தில் இறக்கிவிடத் தனக்கு ஒருவரும் இல்லை என்றான். விருப்பத்தைப் பற்றிய கேள்விக்கு ஆளில்லை என்பதே அவன் விடை. பல விளக்கவுரையாளர் அவனைச் சாக்குச் சொல்பவன் எனக் கடிந்துள்ளனர். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே பிரசங்கித்தோம். ஆண்டவர் கடிந்ததாகத் திருமறையில் இல்லை.

முன்பு கூறிய கொத்தனாரைப் பதினோர் ஆண்டுகளுக்குப் பின் தேடிச் சென்றோம். காலை எட்டு மணி, திண்ணையில் அமர்ந்திருந்தார், கை நடுங்கிக்கொண்டிருந்தது. அன்று ஆணையிடச் செய்தது நம் தவறு எனக் கூறி மன்னிப்புக் கேட்டோம். அவர் அதற்கு விடை கூறவில்லை. உள்ளே திரும்பி, “ஐயாவுக்குத் தேநீர் போடு” என்றார். தேநீர் குடித்து முடித்தபின், திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் போவதாயின் எத்தனை மணிப் பேருந்து என்று கேட்டார். ஏழரை மணிக்கு ஒன்று உண்டு, நாமும் உடன் வருகிறோம் என்றோம்.